மாமாவின் கோட்டில் ஒரு நீதிபதி

சாப்பாட்டு மேஜையில் யாரும் பனியனோடு உட்காரக் கூடாது என்பது அத்தை வீட்டுச் சட்டம். உட்காருவது நீதிபதியாகவே இருந்தாலும் சரி.

"இந்த மனுஷனுக்குச் சட்டை இல்லையாடி?" என்றாள் அத்தை, சூப் சட்டியோடு சமையலறை வாசலில் நின்று.

"அங்கி இருந்துச்சு அத்தை. பூச்சி அரிச்சிருச்சு. புதுசு தைக்கக் குடுத்திருக்கு."

"அதுக்குன்னு இப்படியா? வந்த இடத்துல பனியனோட உக்காந்திருக்கார்."

"அவரு மெழுகு அத்தை."

"மெழுகுன்னா மரியாதை கிடையாதா?"

அக்கா ரொட்டியை வெட்டிக்கொண்டே சிரித்தாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதைப் பார்த்தாலும் முதலில் சிரித்துவிட்டு அப்புறம்தான் யோசிப்பாள். நான் அப்படி இல்லை, யோசிக்கவே மாட்டேன். அதனால்தான் எனக்கு வீட்டில் 'வாலு' என்று பேர். அதனால்தான் இந்த விருந்தும்.

விஷயம் இதுதான். நான் மெழுகுச்சிலைக் காட்சியகத்தில் வேலை பார்க்கிறேன். சிலைகளுக்கு உடை மாட்டுவது, முடி சீவுவது, மீசை உதிர்ந்தால் ஒட்டுவது. போன வாரம் அங்கே கூரை ஒழுக ஆரம்பித்தது. ரிப்பேர் முடியும்வரை ஆளுக்குச் சில சிலைகளை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் மேலாளர். என் பங்குக்கு வந்தவர்கள், நேரில் போய்ப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாத அந்தக் காலத்து நீதிபதி, ஒற்றைக்கண் ராணி, கடலுக்கு வரைபடம் போட்ட கப்பல் தலைவர், நட்சத்திரத் தாத்தா, கொள்ளைநோய்க் காலத்து வைத்தியச்சி. வீட்டிலேயே வெயில் படாத இடம் சாப்பாட்டு அறைதான். அங்கேயே நிறுத்தினோம்.

மறுநாள் காலையில் காபியை ஆற்றிக்கொண்டே நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"சரித்திரத்துல உள்ள பெரிய மூளையெல்லாம் நம்ம வீட்ல சும்மா நிக்குது அத்தை. ஞாயித்துக்கிழமை உக்கார வெச்சு விருந்து போட்டு, ஒரு கேள்வி கேட்டா என்ன?"

என்ன கேள்வி என்று அத்தை கேட்கவில்லை. இந்த வீட்டில் யாரும் கேட்காமல் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்.

கண்ணாடிக்காரரைக் கொன்றது யார்?

கண்ணாடிக்காரர் எங்களுக்கு மாமாவாக வரவேண்டியவர். மூக்குக்கண்ணாடி செய்பவர். கீழே கடை, மேலே அவர் தனியாக இருந்த இரண்டு அறை. நானும் அக்காவும் பிறப்பதற்கு முன்னால், அத்தைக்கும் அவருக்கும் கல்யாணம் நடக்கவிருந்த வாரத்துக்கு முந்தின வாரம், ஒரு விடியற்காலையில் பஸ் நிலையத்து பெஞ்சில் செத்துக் கிடந்தார். தலையில் அடி. உடம்பில் பயணக் கோட்டு. காலடியில் பை. கோட்டுப் பைக்குள் துறைமுகத்து ஊருக்கு ஒரு டிக்கெட்.

யாரோ திருடன் என்று போலீஸ் கேஸை மூடியது. ஊர் வேறு மாதிரி மூடியது. கல்யாணத்துக்குப் பயந்து சொல்லாமல் கொள்ளாமல் ஓடப் பார்த்த ஆள், ஓடுகிற வழியில் போய்ச்சேர்ந்தான் என்று.

அத்தை அதே பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். அன்றைக்குக் காலை ஷிப்டும் அவள்தான். துறைமுகத்து வண்டி கிளம்பப்போகிறது, பயணிகள் ஏறிக்கொள்ளவும் என்று மைக்கில் சொல்லி முடித்த பிறகுதான் அவளிடம் ஆள் ஓடி வந்து சொன்னான். இன்றைக்கும் அவள்தான் அந்த வண்டியை அறிவிக்கிறாள். மற்ற வண்டிகளுக்கெல்லாம் கடகடவென்று சொல்லி மைக்கை அணைத்துவிடுவாள். துறைமுகத்து வண்டிக்கு மட்டும் சொல்லி முடித்து ஒரு மூச்சு காத்திருந்துவிட்டு அணைப்பாள். சின்ன வயசில் பள்ளிக்கூடம் போகும்போது நானும் அக்காவும் நிலையத்து வாசலில் நின்று அந்த மூச்சைக் கேட்டிருக்கிறோம். ஒலிபெருக்கியில் 'உஸ்' என்று கேட்கும். கூட்டத்தில் யாரையோ தேடுகிற மாதிரி.

ஆனால் வாய் திறந்து பேசினால் கோபம்தான். "அந்த ஆளு" என்பாள். பேர் கூடச் சொல்லமாட்டாள்.

அதனால் என் விருந்து யோசனைக்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அத்தை காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுதான்" என்றாள். அவ்வளவுதான்.

ஆக, இதோ ஞாயிறு. சாயங்கால வெளிச்சம் இன்னும் ஜன்னலில் இருந்தது.

மேஜைக்கு ஆறு நாற்காலி. நாங்கள் மூன்று பேர். அப்படியானால் விருந்தாளி மூன்று பேர்தான். ஆளுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவானது. அதற்கே பாதி சண்டை.

"எனக்குக் கப்பல் தலைவர்" என்றாள் அக்கா. "ஆளு பார்க்க லட்சணமா இருக்கார்."

"அவரால உக்கார முடியாது. நின்னபடி செஞ்சது. முட்டி மடங்காது."

"நட்சத்திரத் தாத்தா?"

"அவரும் நிக்கற ஆளுதான். கழுத்து வேற மேல பார்த்தே இருக்கும். சூப்பு எப்படிக் குடிப்பார்?"

"நீ பண்ற கூத்துல சூப்புதான் குறைச்சல். அப்போ வைத்தியச்சி. கொள்ளைநோய்ல செத்தவங்களை எல்லாரும் தொடப் பயந்தப்போ இந்தம்மா தொட்டுப் பார்த்துச்சாம். எங்க தொழில்."

நான் நீதிபதியை எடுத்துக்கொண்டேன். வைத்தியச்சியும் நீதிபதியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அக்கா எல்லோர் முன்னாலும் ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

"அத்தை, உனக்கு? ராணி பாக்கி இருக்காங்க."

"ராணிகிட்ட என்னத்தக் கேக்கறது? அவங்க வீட்லயே ஆயிரம் கொலை."

"அப்போ யாரு?"

"அந்த நாற்காலி காலியா இருக்கட்டும். அப்புறம் சொல்றேன்."

அப்போதுதான் நீதிபதியின் பனியன் அவள் கண்ணில் பட்டது. சூப் சட்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு கோட்டு இருந்தது. சாம்பல் நிறம். கனமான கம்பளித் துணி. மடிப்பு விழுந்த இடங்களில் நிறம் வெளுத்திருந்தது.

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது..." என்றேன்.

"அதேதான். போலீஸ் இதை மட்டும்தான் திருப்பிக் குடுத்துச்சு. தூக்கிப் போடவும் மனசில்ல, பார்க்கவும் மனசில்ல. பெட்டியிலயே கெடந்துச்சு. போடு அவருக்கு."

"அத்தை, வேண்டாமே."

"போடுடி. எங்கயோ போறதுக்கு மாட்டின கோட்டுதானே. இன்னிக்கு ஒரு நாள் இந்த வீட்ல உக்காரட்டும்."

நான் கோட்டை வாங்கினேன். வேலை என்று வந்துவிட்டால் என் கை என் பேச்சைக் கேட்காது. அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும்.

மெழுகு மனிதருக்குச் சட்டை போடுவது உங்களுக்கும் எனக்கும் போடுகிற மாதிரி இல்லை. கை மடங்காது, பின்னால் வளையாது. அதனால் உடுப்பின் ஒரு பக்கத்தை மட்டும் பிரித்துவிடுவோம், அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை, அக்குளிலிருந்து கீழ் விளிம்பு வரை. பிரிக்காத பக்கக் கையில் முதலில் ஒரு கையை நுழைத்து, மிச்சத்தை முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து மறு கையை மூடி, உடம்பின் மேலேயே வைத்துத் தைத்துவிடுவோம். உடுப்புக்கு உள்ளே ஆள் இருப்பதால் உள்பக்கமிருந்து தைக்க முடியாது. வெளியிலிருந்து, வளைந்த ஊசியால், தையல் தெரியாத மாதிரி இழுத்துத் தைக்கவேண்டும்.

"ஒரு பக்கம் பிரிக்கணும் அத்தை" என்றேன்.

"பிரி. வெட்டு. எனக்கென்ன?"

அந்த 'எனக்கென்ன'வில் அவள் குரல் ஒரு படி இறங்கியது.

கோட்டை விளக்குக்கு நேராகத் தூக்கி இடது பக்கத் தையலைப் பார்த்தேன். மிஷின் தையல், சின்னச் சின்னதாக, ஒழுங்காக. வலது பக்கத்தைத் திருப்பினேன்.

நின்றுவிட்டேன்.

"என்னாச்சு வாலு?" என்றாள் அக்கா.

"இது ஏற்கெனவே பிரிச்சிருக்கு."

"கிழிஞ்சிருக்கும். தைச்சிருப்பாங்க."

"கிழிஞ்சா இப்படி மணிக்கட்டுலேர்ந்து அக்குள், அக்குள்லேர்ந்து விளிம்புன்னு தையலைப் பிடிச்சு நேராக் கிழியுமா? பிரிச்சிருக்காங்க. திரும்பத் தைச்சிருக்காங்க. அதுவும் வெளியிலேர்ந்து. இங்க பாரு, வளைஞ்ச ஊசி."

"இருக்கட்டும். வெளியிலேர்ந்து தைக்கறது தப்பா?"

"எந்த டெய்லராவது கோட்டை உள்பக்கம் திருப்பாம தைப்பானா? உள்ள ஆள் இருந்தா மட்டும்தான்..."

வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அக்கா ரொட்டிக் கத்தியைக் கீழே வைத்தாள். மெதுவாக நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். அவள் குரலும் மாறிவிட்டது. வார்டில் பேசுகிற குரல்.

"உயிரோட இருக்கறவருக்குக் கோட்டு மாட்ட எதையும் பிரிக்க வேண்டாம். செத்த உடனேயும் வேண்டாம். நேரம் போகப்போகத்தான் கை காலெல்லாம் விறைச்சுக் கட்டையாயிடும். அப்புறம் துணி மாத்தணும்னா நாங்களே திணறுவோம்."

"அப்போ..."

"இந்தக் கோட்டு அவர் செத்து ரொம்ப நேரம் கழிச்சுப் போட்டது."

அத்தை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வை எங்கள் மேலும் இல்லை, கோட்டின் மேலும் இல்லை.

நான் கோட்டை உள்பக்கம் திருப்பினேன். என்ன தேடினேன் என்று சொல்லவேண்டும். ஆள் மேல் வைத்துத் தைக்கும்போது என் கையில் ஒரு கெட்ட பழக்கம்: ஊசி கொஞ்சம் ஆழமாகப் போய், உள்ளே இருக்கிற துணியையும் சேர்த்துத் தைத்துவிடுவேன். கழற்றும்போது அது பிய்ந்து நூல் மட்டும் தையலில் மாட்டிக்கொண்டு நிற்கும். இதற்காக மேலாளரிடம் வாரம் தவறாமல் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

இங்கே தைத்த கைக்கும் அதே பழக்கம் இருந்திருக்கிறது. அக்குள் பக்கத்தில், தையலுக்கு நடுவில், ஒரு சின்னக் கம்பளிக் கொத்து. மஞ்சள். சாதாரண மஞ்சள் இல்லை, கண்ணைக் குத்துகிற மஞ்சள்.

"அத்தை, இது என்ன நூல்?"

அவள் கிட்டே வந்தாள். கண்ணாடியை மூக்கில் மேலே தள்ளிக்கொண்டு குனிந்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஸ்வெட்டர்" என்றாள்.

"எந்த ஸ்வெட்டர்?"

"நான் போட்டுக் குடுத்தது. மொதமொதல்ல பின்னக் கத்துக்கிட்டுப் போட்டது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. இந்த நூல்தான் மலிவாக் கெடைச்சுது. 'இதை வீட்ல மட்டும்தான் போடுவேன், கடைக்குப் போட்டா வாடிக்கையெல்லாம் கண்ணு கூசி ஓடிடும்'னார். வாசல் தாண்டிப் போடமாட்டார். ஒருநாளும் போடமாட்டார்."

சொல்லிவிட்டு அவளே தன் பேச்சைக் கேட்ட மாதிரி நிமிர்ந்தாள்.

"வீட்லதான் இருந்திருக்கார்."

'அந்த ஆளு' போய் 'அவர்' வந்துவிட்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"எங்கயும் கிளம்பல. வீட்லதான் இருந்தார். ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு வீட்லதான் இருந்தார்டி!"

சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. ஒரு மனுஷனைக் கொன்று, கோட்டு மாட்டி, பெஞ்சில் போட்டிருக்கிறார்கள் என்பதை இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறோம், இவள் சிரிக்கிறாள். அப்புறம் அந்தச் சிரிப்பு வந்த வழியிலேயே அழுகை வந்தது. அக்கா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷம் திட்டிக்கிட்டிருந்தேனே" என்றாள் அத்தை. "திட்டிக்கிட்டே இருந்ததால தாங்கிச்சு. இப்போ என்னடி பண்ணுவேன்? திட்டவும் முடியாதே."

சூப் ஆறிக்கொண்டிருந்தது. வைத்தியச்சி தன் கண்ணாடிக் கண்ணால் நீதிபதியின் பனியனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு கோட்டை மடியில் எடுத்து வைத்தாள். அந்தத் தையலை விரலால் தடவிக்கொண்டே போனாள், மணிக்கட்டிலிருந்து அக்குள், அக்குளிலிருந்து விளிம்பு. விளிம்பில் விரல் நின்றது. முடிச்சைத் தேடினாள். முடிச்சு இல்லை. உள்ளே இழுத்துப் புதைத்திருந்தது.

நூலை நானும் பார்த்தேன். கோட்டுத் தைக்கிற நூல் இல்லை. தடிமனான, மெழுகு பூசிய நூல். சொல்லவேண்டாம் என்று முதல்முறையாக என் வாயே முடிவு பண்ணியது.

அத்தை கோட்டிலிருந்த விரலை எடுத்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மெத்தை விளிம்பில் வைத்தாள். அங்கேயும் அதே தடி நூல். அதே இழுப்பு. மூலையில் முடிச்சு உள்ளே புதைந்திருந்தது.

இந்த ஆறு நாற்காலிக்கும் உறை தைத்தது அப்பா.

அப்பாவுக்கு சோபா தைக்கிற வேலை. இரண்டு தெரு தள்ளிப் பட்டறை, அதற்கு மேலேயே அவர் ஜாகை. அம்மா போன பிறகு எங்களை வளர்த்தது அத்தைதான். ஆனால் அப்பா இந்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டு நாங்கள் பார்த்ததே இல்லை. சாயங்காலம் வருவார், வாசலில் நின்று கேரியரை வாங்கிக்கொண்டு போய்விடுவார். கேட்டால், "என்னுது தூசி வேலை, மேஜைக்கு ஆகாது" என்பார். வளைந்த ஊசியை எனக்குப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

"அத்தை, அப்பா வேற எதுக்காவது..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"என் விருந்தாளியை முடிவு பண்ணிட்டேன்" என்றாள் அத்தை.

எழுந்து போய்ப் போனை எடுத்தாள். மைக்கில் பேசுகிற அதே நிதானம்.

"அண்ணா, இன்னிக்குக் கேரியர் கட்டல. வந்து உக்காந்து சாப்பிடு... இல்ல, முடியாதுன்னு சொல்லாதே. வா."

அவர் வருவதற்குள் நான் நீதிபதிக்குக் கோட்டை மாட்டிவிட்டேன். அத்தைதான் மாட்டச் சொன்னாள். அந்த வலது பக்கத்தைப் பிரித்து, சுற்றி, திரும்பத் தைத்தேன். என் கைக்கு எல்லாம் தெரிந்த தடமாக இருந்தது.

வாசல் கதவு திறந்தது. அப்பா வேலை ஏப்ரனோடு வந்து நின்றார். சிலைகள் வந்த நாளிலிருந்து இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரையும் பார்த்துவிட்டேன், பால்காரர் முதல் மீட்டர் பார்க்கிறவர் வரை. மெழுகுச்சிலையைப் பார்த்தால் எல்லோருக்கும் முதலில் முகத்துக்குத்தான் கண் போகும். ஒரு திடுக் இருக்கும்.

அப்பா முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராக வலது அக்குளைப் பார்த்தார்.

"உக்காரு அண்ணா" என்றாள் அத்தை.

காலி நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் தைத்த மெத்தைதான்; முள்ளில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். அத்தை அவர் தட்டில் சூப்பை ஊற்றினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவர் அன்னிக்கு வீட்லதானே இருந்தார்?"

அப்பா கரண்டியைத் தொடவில்லை. "வீட்லதான் இருந்தான்" என்றார். "அந்த மஞ்சள் ஸ்வெட்டரோட. தரையில கெடந்தான். தொட்டேன், கட்டையா இருந்தான்."

"நீ அடிச்சியா?"

"நானா!" அப்பா தலையைத் தூக்கினார். "நான் எதுக்கும்மா அடிக்கறேன்? நான்... நீன்னு நெனச்சேன்."

எங்கள் மூன்று பேரில் யாருக்கும் அது உடனே புரியவில்லை.

"அன்னிக்குக் காலையில வேலைக்குக் கிளம்பறப்போ, சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போறேன், புதுக் கண்ணாடி வாங்கணும்னு சொல்லிட்டுப் போன. ராத்திரி வந்தப்போ மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருந்துச்சு. என்னன்னு கேட்டேன். கையை ஆட்டிட்டு ரூமுக்குள்ள போயிட்ட. சண்டையோன்னு அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தா இப்படிக் கெடக்கறான். மேஜையில ரெண்டு கோப்பை. பக்கத்துல உன் புதுக் கண்ணாடி. பதட்டத்துல விட்டுட்டு வந்துட்டன்னு நெனச்சேன். ஊரை விட்டுப் போனவன்னு காட்டிட்டா உன்கிட்ட யாரும் வரமாட்டாங்கன்னு... சோபா வண்டியிலதான் கொண்டு போனேன்."

"இத்தனை வருஷமா நான்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டா எனக்கு வாராவாரம் காய் வாங்கிப் போட்ட?"

"நீ என் தங்கச்சி" என்றார் அப்பா. "எதிர்ல உக்காந்து சாப்பிடத்தான் முடியல."

அத்தை அவரையே பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"நான் அங்க போகவே இல்ல அண்ணா. ரெண்டாவது ஷிப்டுக்கு வரவேண்டியவ வரல. நானே பார்த்தேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், பேச முடியாம வந்து படுத்தேன்."

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார்.

"அந்தக் கோப்பை" என்றாள் அத்தை. "நிமிர்ந்திருந்துச்சா, கவுந்திருந்துச்சா?"

"கவுத்து வெச்சிருந்துச்சு. ரெண்டும்."

"கண்ணாடி தேய்க்கற தூசி விழும்னு கவுத்துதான் வெப்பார். ஆள் வந்து உக்காந்தப்புறம்தான் நிமிர்த்துவார்." அவள் குரல் கரகரத்தது. "எனக்காக எடுத்து வெச்சிருக்கார். நான் வருவேன்னு வெச்சிருக்கார்."

அப்பா ஏப்ரன் பையிலிருந்து ஊசி டப்பாவை எடுத்தார். அவர் கூடவே எப்போதும் இருக்கிற டப்பா. சின்ன வயசில் எங்களைத் தொடவிடாத டப்பா. வளைந்த ஊசிகளுக்கு அடியில் ஒரு துணி மடிப்பு. பிரித்தார். மெல்லிய கம்பி ஃப்ரேம் போட்ட ஒரு மூக்குக்கண்ணாடி.

அத்தை தன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அதை எடுத்துத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அக்காவுக்கு மட்டும் தலை வேலை செய்துகொண்டிருந்தது.

"அப்பா, கோட்டு போட்டது நீங்க. பை வெச்சதும் நீங்க. டிக்கெட் எப்போ வாங்கினீங்க?"

"டிக்கெட்டா?" என்றார் அப்பா. "டிக்கெட் நான் வைக்கலயே. போலீஸ் சொல்லித்தான் எனக்கே தெரியும். அதை நெனச்சு நெனச்சுப் பார்த்திருக்கேன். கோட்டைப் போட்டப்போ அதோட ரெண்டு பையும் காலிதான்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் நீதிபதியைப் பார்த்தேன். நாங்கள் போட்ட கேள்வி இன்னும் அவர் முன்னாலேயே தட்டில் இருந்தது.

"அப்போ உங்களுக்கு அப்புறம் யாரோ அந்த பெஞ்சுக்கு வந்திருக்காங்க" என்றாள் அக்கா. "அத்தை, கேட்டியா? யாரோ..."

அத்தை கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியுதா அத்தை?" என்றேன்.

"அப்போ இதுதான் எனக்குச் சரியா இருந்திருக்கும். இப்போ கண்ணு எங்கயோ போயிடுச்சு. எல்லாம் மங்கல்."

"கழட்டிடு. தலைவலி வரும்."

அவள் கழற்றவில்லை. சாம்பல் கோட்டில் நேராக உட்கார்ந்திருந்தவரைத் தலையை லேசாகச் சாய்த்துப் பார்த்தாள்.

"இருடி" என்றாள். "மங்கலாத் தெரிஞ்சா அவர் மாதிரியே இருக்கு."

எட்டி, நீதிபதியின் முன்னால் கவிழ்த்து வைத்திருந்த கோப்பையை நிமிர்த்தினாள்.